வன்னியும் வானலையும்

விழா மலர்களிலே பழைய மாணவர் எழுதுங் கட்டுரைகள் பெரும்பாலும் பழையவற்றையே பேசும். அது குறையன்று, நினைவு கூர்தற்கென்றே விழாக்கள் எடுக்கப்படுகின்றன. ஆயினும் இம்முறை இனி வரவிருக்கும் ஒன்றைப் பற்றிச் சில கூற விழைகின்றோம். மாணவரும் ஆசிரியரும், கடல் கடந்து வாழும் எம் தோழரும் நாள்தோறுங் கையிலேந்தித் திரியும் கையடக்கத் தொலைபேசியும், அதன் பின்னே நிற்கும் வலையமைப்பும், அவ்வலையமைப்பை நடாத்துதற்கு அரசு வழங்கும் அனுமதிப்பத்திரமுமே எமது பொருள். இவை பொறியியலாளர்க்கும் சட்டத்தரணிகட்கும் உரியவை, நமக்கென்ன என்று ஒதுங்குதல் எளிது. ஆனால் அந்த அனுமதிப்பத்திரத்தின் ஒரு வரி எங்ஙனம் எழுதப்படுகின்றது என்பதைப் பொறுத்தே ஒட்டுசுட்டானிலும் துணுக்காயிலும் பூநகரியிலும் ஒரு பிள்ளையின் பாடம் நடக்கும், அல்லது நடவாது. அவ்வரியைப் பற்றியே இக்கட்டுரை.

முதலில் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். 1989ஆம் ஆண்டிலே செல்ரெல் நிறுவனம் கொழும்பிற் கையடக்கத் தொலைபேசிச் சேவையைத் தொடங்கியது. தென்னாசியா முழுவதிலும் அதுவே முதலாவது. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டம் அடுத்து வந்தது. அது 1996இல் திருத்தப்பட்டபோது, இன்றுள்ள தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு பிறந்தது. 1995இல் டயலொக் இரண்டாந் தலைமுறைச் சேவையைத் தொடங்கிற்று. 2006இல் மூன்றாந் தலைமுறை வந்தது. 2013இல் நான்காந் தலைமுறை. 2018ஆம் ஆண்டின் இறுதியிலே ஐந்தாந் தலைமுறைக்குரிய பரீட்சார்த்தங்களுந் தொடங்கிவிட்டன. புது வழிகளை முந்திக்கொண்டு கைக்கொண்ட நாடு இலங்கை என்று நாம் பெருமை கொள்வதற்கு இவை போதும்.

அப்பெருமையில் வன்னிக்குரிய பங்கு யாது? வவுனியா நகரையும் அதன் அயலையும் விட்டால், பெருநிலத்தின் பெரும்பகுதிக்கு முதலாந் தலைமுறை வரவேயில்லை. இரண்டாந் தலைமுறையும் 2009இல் யுத்தம் முடிந்த பின்னரே வந்தது. கொழும்பான் ஒருவன் தன் சட்டைப்பையிலே தொலைபேசியை வைத்துக்கொண்டு நடந்த காலத்துக்கும், மாங்குளத்துச் சந்தியிலே கோபுரம் எழுந்த காலத்துக்கும் இடையிற் பதினான்கு ஆண்டுகளுக்கு மேற் சென்றன. அத்தாமதத்துக்கு யுத்தம் காரணம் என்பதை எவரும் அறிவர், நாமும் மறுக்கவில்லை. ஆனால் அடுத்த தலைமுறைக்கும் இடைவெளி நேருமாயின் அதற்கு யுத்தத்தைச் சாட்டுதல் இயலாது. அன்று காரணமாய் நிற்பது கணக்கு. அந்தக் கணக்கையே இப்பொழுது விரித்துக் காட்டப் புகுகின்றோம்.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி கிளிநொச்சி மாவட்டத்தின் மக்கள் தொகை 113,510; முல்லைத்தீவின் தொகை 92,238; வவுனியாவின் தொகை 172,115. மூன்றையுங் கூட்டினால் 377,863. அவ்வாண்டிலே நாடு முழுவதன் தொகை இரண்டு கோடியே மூன்றரை இலட்சத்துக்குச் சற்று மேல். எனவே மூன்று மாவட்டங்களும் ஒருங்கு சேர்ந்தும் நாட்டு மக்களில் நூற்றுக்கு இரண்டு பேராகவில்லை. பரப்போ வேறு கதை சொல்கின்றது. கிளிநொச்சி 1,279 சதுர கிலோமீற்றர், முல்லைத்தீவு 2,617, வவுனியா 1,967, மொத்தம் 5,863. இலங்கையின் பரப்பு 65,610 ஆதலின், நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்பது பங்கு நிலம் இம்மூன்று மாவட்டங்களிலும் உள்ளது. 2024இலும் ஒரு கணக்கெடுப்பு நிகழ்ந்தது. எண்கள் மாறியிருக்கும், விகிதம் தலைகீழாகிவிடவில்லை.

இனி ஓர் அனுமதிப்பத்திரத்தைக் கற்பனை செய்வோம். "நாட்டு மக்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேருக்கு இச்சேவை எட்டுதல் வேண்டும்" என்று அதில் ஒரு நிபந்தனை இருக்கின்றது எனக் கொள்வோம். கேட்பதற்கு எத்துணைக் கண்டிப்பான நிபந்தனை! பத்திரிகைகள் புகழும், அமைச்சர் மேடையேறிக் கூறுவார். ஆனால் மேலே சொன்ன எண்களை வைத்துப் பாருங்கள். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் ஒரு கோபுரந்தானும் நாட்டாமல், எஞ்சிய நாடு முழுவதற்குஞ் சேவை வழங்கிய நிறுவனம் ஒன்று, அந்நிபந்தனையை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றியதாகும். சட்டத்தின் முன் அதன்மேற் குற்றமில்லை. வன்னி முழுவதும் அந்த எஞ்சிய இரண்டு வீதத்துக்குள் அடங்கிவிடும்.

எந்த நிறுவனமும் அவ்வாறு செய்யாது என்று கூறுவோர் உளர். ஏ-9 வீதி நெடுகிலும் சேவை வரும். கிளிநொச்சி நகரிலும் வவுனியா நகரிலும் வரும். அதனை நாமும் ஒப்புகின்றோம். இது புகைவண்டியின் கதை போன்றது. 1905இலே வடபகுதிப் புகைவண்டிப் பாதை நிறைவெய்தியபோது அது வன்னியை ஊடறுத்துச் சென்றதன் காரணம் வன்னியன்று. அப்பாலுள்ள யாழ்ப்பாணமும் காங்கேசன்துறையுமே. பாதையோரத்து ஊர்கள் பயன்பெற்றன. முல்லைத்தீவு இன்றுவரை இருப்புப்பாதையைக் கண்டதில்லை. ஒளியிழைக் கம்பிகளும் வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்கின்றன. வீதியிலிருந்து கிழக்கே முத்தையன்கட்டுக்கும், மேற்கே பாண்டியன்குளத்துக்கும் திரும்பும் கிளைகளைப் பற்றியதே எமது கவலை.

தலையெண்ணி அளக்கும் இம்முறையில் இன்னுமொரு அநீதி மறைந்துள்ளது. வன்னியிலே தலைகள் ஏன் குறைந்தன? மேற்கூறிய கணக்கெடுப்பு நிகழ்ந்தது 2012 மார்ச்சில். செட்டிகுளத்து மெனிக்பாம் முகாம் மூடப்பட்டது அவ்வாண்டு செப்டெம்பரில். அஃதாவது, எண்ணுவோர் வீடுவீடாகச் சென்ற அந்நாளிலே முல்லைத்தீவு மக்களில் ஒரு பகுதியினர் இன்னும் வவுனியா மாவட்டத்து முகாமிலேயே இருந்தனர். இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் கனடாவிலும் குடியேறிவிட்டோரைச் சொல்லவேண்டியதில்லை. யுத்தத்தினாற் குறைந்த தொகையை அளவுகோலாகக் கொண்டு அனுமதிப்பத்திரம் எழுதுவோமாயின், ஒருமுறை இழந்ததற்காக மறுமுறையும் இழக்கும்படி நிலத்தைத் தண்டிக்கின்றோம். சேவை இல்லாத ஊருக்கு எவன் திரும்பி வருவான்? திரும்பி வருவோர் இல்லாத ஊருக்கு எந்த நிறுவனம் கோபுரம் நாட்டும்?

நிறுவனங்களைக் குறை கூறுதல் எமது எண்ணமன்று. கொழும்பு மாவட்டத்திலே ஒரு சதுர கிலோமீற்றரில் மூவாயிரத்து நானூறு பேருக்கு மேல் வாழ்கின்றனர். முல்லைத்தீவிலே முப்பத்தெட்டுப் பேர். கோபுரத்தின் செலவோ இரண்டிடத்தும் ஏறக்குறைய ஒன்றே. காட்டினூடே கம்பி இழுக்கும் செலவையும் எண்ணினால் இங்கே கூடுதலாகலாம். வணிகன் இலாபம் உள்ளவிடத்துக்கே செல்வான். இலாபமில்லாவிடத்துக்கும் அவனைச் செலுத்துதற்கென்றே அரசு அனுமதிப்பத்திரம் எழுதுகின்றது. வானலை நாட்டின் பொதுச் சொத்து. அதனை வாங்குவோன் விலையோடு கடமையையும் ஏற்கவேண்டும்.

மாணவர் பொருட்டு இவ்விடத்திற் சிறிது பௌதிகமும் கூறுவோம். ஐந்தாந் தலைமுறை என்றவுடன் எல்லோரும் வேகத்தையே பேசுகின்றனர். அவ்வேகத்தைத் தருவன உயர்ந்த மீடிறன்கள்: 3,500 மெகாஹேட்ஸ் அளவிலும், அதற்கு மிக மேலே 26,000 அளவிலும் உள்ளவை. மீடிறன் உயர உயர அலை செல்லுந் தூரம் குறுகும். 700 மெகாஹேட்ஸை 3,500உடன் ஒப்பிடுங்கள்; ஐந்து மடங்கு. திசைநோக்கில்லாத ஏரியல்கள் இரண்டுக்கிடையே, வெறும் வெளியிலேயே, சென்று சேரும் வலு இருபத்தைந்தில் ஒரு பங்காகிவிடும். இடையிலே பாலையும் வீரையும் முதிரையும் செறிந்த காடு நிற்குமாயின் இலைகள் உறிஞ்சுவதும் மேலதிகம். 26,000 அளவிலுள்ள அலையோ சில நூறு மீற்றருக்கப்பாற் பெரிதும் பயன்படாது. அது விளையாட்டரங்குக்கும் கடைத்தெருவுக்கும் ஏற்றது. சமதரையும் காடும் வயலும் விரவி, வீட்டுக்கு வீடு தூரமாக அமைந்த எமது நாட்டுக்கு வேண்டியவை தாழ்ந்த மீடிறன்களே. உலகின் பல நாடுகளிலே தொலைக்காட்சி விட்டு விலகிய 700 மெகாஹேட்ஸ் பட்டையும், 800, 900 என்பவையும் கிலோமீற்றர் பலவற்றைக் கடந்து செல்லும். வேகம் நகரத்தைவிடக் குறையும். ஆயினும் வட்டக்கச்சியில் ஒரு மாணவி தன் பாடத்தைக் கேட்பதற்கு அவ்வேகம் தாராளமாகப் போதும்.

ஆதலின், உயர்ந்த பட்டையை மாத்திரம் ஏலத்தில் விட்டு, "ஐந்தாந் தலைமுறை வந்துவிட்டது" என்று முரசறைவது வன்னிக்கு யாதொன்றையுந் தராது. உயர்ந்த பட்டையைப் பெறுவோன் தாழ்ந்த பட்டையிலும் ஒரு கடமையை ஏற்கவேண்டும். நகரிலே முதலாவது கோபுரத்தை மாற்றியமைக்கும் அதே ஆண்டிலே நாட்டுப்புறத்திலும் வேலை தொடங்கவேண்டும். இது நடக்கக்கூடிய காரியமா என ஐயுறுவோர்க்கு ஜேர்மனியைக் காட்டுவோம். 2010ஆம் ஆண்டு மே மாதத்திலே அந்நாடு 800 மெகாஹேட்ஸ் பட்டையை ஏலத்தில் விட்டபோது விதித்த நிபந்தனை வியக்கத்தக்கது. ஐயாயிரத்துக்குக் குறைந்த குடிகள் வாழும் சேவையற்ற ஊர்களே முதலாம் படி. ஐயாயிரம் முதல் இருபதாயிரம் வரை இரண்டாம் படி. அடுத்து ஐம்பதாயிரம் வரை மூன்றாம் படி. அதற்குப் பின்னரே பெருநகர். ஒரு படியில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குச் சேவை எட்டிய பின்னரே அடுத்த படியில் அப்பட்டையைப் பயன்படுத்தலாம். பெருநகரத்து இலாபத்தை விரும்பிய நிறுவனங்கள் சிற்றூர்களுக்கு விரைந்தோடின. தரும சிந்தனையினால் அன்று. ஊர் முடிந்தாலன்றி நகரம் இல்லை என்று எழுதியிருந்தமையினால்.

பிரித்தானியாவும் 2020 மார்ச்சிலே தன் நான்கு நிறுவனங்களோடு செய்துகொண்ட உடன்பாட்டில் மக்களை எண்ணவில்லை, நிலத்தை அளந்தது. 2025ஆம் ஆண்டின் முடிவுக்குள் நாட்டின் நிலப்பரப்பில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு நான்காந் தலைமுறைச் சேவை எட்டவேண்டும் என்பதே இலக்கு. ஸ்கொத்லாந்தின் மலைப்புறங்களைத் தலையெண்ணிக்கையால் அளந்தால் அவை என்றும் இருளிலேயே கிடக்கும் என்பதை அவர்கள் உணர்ந்தனர். அண்டை நாடாகிய இந்தியா வேறொரு வழியை எடுத்தது: 2022 யூலையிலே சேவையற்ற 24,680 கிராமங்களுக்கு நான்காந் தலைமுறையைக் கொண்டுசெல்ல 26,316 கோடி ரூபாவை ஒதுக்கி, அப்பணியை அரச நிறுவனமாகிய பி.எஸ்.என்.எல். இடம் ஒப்படைத்தது.

இலங்கையிலும் முயற்சி இல்லாமலில்லை. 2020இலே 'கமட்ட சன்னிவேதனய' என்னும் பெயரோடு, கிராமங்களுக்குத் தொடர்பாடலைக் கொண்டுசெல்லுந் திட்டம் இரத்தினபுரி மாவட்டத்திலே தொடங்கப்பட்டது. நல்ல திட்டமே. பாடசாலைகள் மூடிக்கிடந்த பெருந்தொற்றுக் காலமே அதன் அவசரத்தை யாவர்க்கும் உணர்த்திற்று. 2021இலே ஊவா மாகாணத்துப் பொஹிட்டியாவ என்னும் ஊரின் பிள்ளைகள் காட்டினூடே நடந்து, பாறையின் மீதேறிப் பாடங்களைப் பெற்ற செய்தி உலகப் பத்திரிகைகளில் வந்தது. வன்னியிலே ஏறுதற்குப் பாறைகள் அரிது. எம் பிள்ளைகள் குளக்கட்டில் ஏறினர். சிங்களக் கிராமத்துப் பிள்ளைக்கும் தமிழ்க் கிராமத்துப் பிள்ளைக்கும் இதில் வேறுபாடில்லை என்பதை அழுத்திக் கூற விரும்புகின்றோம். பரப்பால் அளக்கும் நிபந்தனை எழுதப்படுமாயின் மொனராகலையும் நம்மோடு பயன்பெறும்.

பணம் எங்கே என்று கேட்பர். கடல் கடந்து வாழும் எமது பழைய மாணவர்க்கு இதன் விடை சுவையாயிருக்கும். வெளிநாட்டுத் தொடர்பில் நிலவிய தனியுரிமை நீங்கி, 2003இலே பல நிறுவனங்கட்கு அவ்வுரிமை வழங்கப்பட்டபோது, வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புகளுக்கு நிமிடக் கணக்கில் ஓர் அறவீடு விதிக்கப்பட்டது. நாட்டுப்புறங்களிலே வலையமைப்பை விரிப்பதற்கு உதவுதல் அதன் நோக்கங்களில் ஒன்று. ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் தாயாரோடு பேசிய ஒவ்வொரு நிமிடமும், அவரவர் அறியாமலே, கிராமத்துக் கோபுரத்துக்கென ஒரு காசைப் போட்டது. அக்காசில் எவ்வளவு வன்னிக்குத் திரும்பிற்று என்று கேட்கும் உரிமை அழைத்தோர்க்கு உண்டு. இன்று அவர்கள் வைபரிலும் வட்ஸ்அப்பிலும் பேசுகின்றனர். அவ்வழைப்புகள் இவ்வறவீட்டில் அகப்படா. ஊற்று வற்றிவரும் நிலையிலே அதனை மாத்திரம் நம்பியிருத்தல் அறிவுடைமையன்று.

ஆகவேதான் ஏலத்தின்போதே கடமையைச் சேர்த்தெழுத வேண்டும் என்கின்றோம். இதற்கும் ஒரு விலையுண்டு. அதனை மறைத்தல் நேர்மையாகாது. கடமை கூடினால் ஏலத்தொகை குறையும். திறைசேரி அதை விரும்பாது. 2022இன் நெருக்கடியிலிருந்து எழுந்து வரும் ஒரு நாட்டின் திறைசேரி ஒவ்வொரு ரூபாவையும் எண்ணுதல் இயல்பே. ஆனால் ஒருமுறை பெறும் ஏலப்பணம் ஓராண்டின் வரவுசெலவுக் கணக்கிலே கரைந்துவிடும். கோபுரமும் கம்பியும் இருபது ஆண்டுகள் நிற்கும். குறைந்த விலைக்குக் கூடிய கடமையோடு விற்பதே மேல் என்பது எமது துணிபு. நிபந்தனையும் பிரதேச செயலாளர் பிரிவு ஒவ்வொன்றையுந் தனித்தனியே அளப்பதாக இருத்தல் வேண்டும். மாவட்டமாக அளந்தால் வவுனியா நகர் நெடுங்கேணியின் குறையை மூடி மறைத்துவிடும்.

கோபுரம் நாட்டினால் மாத்திரம் போதாது. அது நிற்கவேண்டிய நாளிலே பேசவேண்டும். 2004 டிசெம்பர் 26ஆந் தேதி காலையிலே கடல் முல்லைத்தீவு நகருக்குள் புகுந்தபோது, கிழக்குக் கரையிலே அது முன்னரே ஏறிவிட்ட செய்தியை எவரும் எவர்க்கும் விரைந்து அறிவித்தற்கு வழி இருக்கவில்லை. 2018 டிசெம்பரில் இரணைமடு நிரம்பி வான்கதவுகள் திறக்கப்பட்டு வெள்ளம் ஊர்களுக்குள் ஏறியபோது வழி இருந்தது; ஆயினும் எச்சரிக்கை உரிய நேரத்தில் உரியவரை அடைந்ததா என்ற வினா நெடுநாள் பேசப்பட்டது. 2025 நவம்பரின் இறுதியில் டித்வாப் புயல் நாடெங்கும் வீசியபோது மின்சாரம் அற்றது, கம்பிகள் அறுந்தன, பல கோபுரங்கள் ஊமையாயின. ஒரு கோபுரத்தின் வரம்புக்குள் உள்ள தொலைபேசிகள் அனைத்துக்கும் ஒரே கணத்தில் எச்சரிக்கை அனுப்பும் வசதி இத்தொழில்நுட்பத்திலே உண்டு. பற்றரி நான்கு மணித்தியாலத்தில் இறந்துபோகும் கோபுரத்தினால் அவ்வசதி எதற்கு? வெள்ளத்தினாற் பாதை மூடப்படும் ஊர்களிலே மின்பிறப்பாக்கிக்கு எரிபொருள் கொண்டுசெல்லவும் இயலாது. வெயிலுக்குப் பஞ்சமில்லாத வன்னியிலே சூரியகலங்களும், இரண்டு மூன்று நாட்கள் தாங்கும் மின்கலங்களும் அனுமதிப்பத்திரத்தின் நிபந்தனைகளாதல் வேண்டும். கொக்கிளாய்க்கும் நாயாற்றுக்கும் அப்பாற் கடலிலே நிற்கும் மீனவர்க்கு வேண்டியதும் இதுவே.

2024இலே எயார்டெல் டயலொக்குடன் இணைந்ததன் பின் நாட்டிலே டயலொக், மொபிட்டெல், ஹட்ச் என மூன்று கையடக்கத் தொலைபேசி நிறுவனங்களே உள்ளன. ஒரே சந்தியிலே மூவரும் மூன்று கோபுரங்களை நாட்டி, அடுத்த பத்து மைலுக்கு ஒன்றுமில்லாமல் விடுவது நம் நாட்டுப் பெருஞ் செல்வர் ஒரே வீதியிலே மூன்று கலியாண மண்டபங் கட்டுவதை ஒக்கும். ஒரு கோபுரத்திலே மூவரும் ஏரியல் வைத்தால், மீதிப் பணத்துக்கு இன்னும் இரண்டு ஊர்கள் பயன்பெறும். 

கோபுரத்துக்கு அஞ்சுவோரும் உளர். 2019இலே யாழ்ப்பாண நகரில் 'ஸ்மார்ட்' விளக்குக் கம்பங்கள் நாட்டப்பட்டபோது, ஐந்தாந் தலைமுறைக் கதிர்வீச்சு என்ற அச்சத்தால் எழுந்த எதிர்ப்பைப் பலர் நினைவுகூர்வர். இவ்வலைகள் எக்ஸ்-கதிர் போல அணுக்களை அயனாக்கும் வன்மை உடையனவல்ல. அவற்றின் அளவுக்குச் சர்வதேச வரம்புகளும் உள. இதனை மக்களுக்கு முன்னரே விளக்காமல் இரவோடிரவாகக் கம்பம் நாட்டினால் ஐயம் எழுதல் இயல்பே. பிரதேச சபையிலே வரைபடத்தை வைத்துப் பேசி, நாட்டிய பின் அளந்து, அளவை ஊரறிய ஒட்டிவிட்டால் அந்த ஐயத்தின் பெரும்பகுதி தீரும்.

இவற்றையெல்லாம் ஆணைக்குழுவுக்கு எடுத்துரைப்பது யார்? முறைப்பாடு எழுதுவதில் நம்மவர் வல்லவர். சான்று சேர்ப்பதிலே அத்துணை வல்லவரல்லர். "எங்கள் ஊரிற் சிக்னல் இல்லை" என்று எழுதும் ஆயிரங் கடிதங்களைவிட, எந்த ஊரிலே, எந்த மைற்கல்லிலே, எந்த நிறுவனத்தின் சேவை எந்த அளவில் உள்ளது எனக் காட்டும் ஒரு வரைபடம் வன்மையுடையது. நிறுவனங்கள் வெளியிடும் வரைபடங்கள் கணிப்பொறி கணித்தவை. காட்டையும் இலையையும் அவை முற்றாக அறியா.

அவ்வேலைக்கு வேண்டிய ஆட்கள் நம்மிடையே உளர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சி அறிவியல்நகரிலேயே உள்ளது. வவுனியாவிலே 2021 முதல் தனிப் பல்கலைக்கழகம் இயங்குகின்றது. பாடசாலையின் உயர்தர மாணவர் தத்தம் ஊர்களிலிருந்து நாள்தோறும் துவிச்சக்கர வண்டியிலும் பேருந்திலும் வருகின்றனர். சமிக்ஞையின் வலுவை அளந்து இடத்தோடு பதிவுசெய்யும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாணவர் வரும் வழியே அளந்து வர, பொறியியற் பீடத்தார் அவற்றைத் தொகுக்க, செலவைப் பழைய மாணவர் சங்கம் ஏற்க, ஒரு பருவத்துக்குள் வன்னியின் வரைபடம் ஆயத்தமாகும். அதன் ஒரு பிரதி ஆணைக்குழுவுக்கும், ஒன்று மூன்று மாவட்டங்களின் அரசாங்க அதிபர்கட்கும், ஒன்று கல்லூரி நூலகத்துக்கும் செல்லவேண்டும். சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்திலே இதனை ஒரு பிரேரணையாகக் கொண்டுவர எண்ணியுள்ளோம். மாரி தொடங்கு முன்னர், முதற்கண் மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவு செல்லும் வீதியும், மல்லாவியிலிருந்து பாண்டியன்குளம் செல்லும் வீதியும் அளக்கப்படுதல் நன்று.